சிவப்பு மட்டும் ஏன் தடிக்கிறது?

கேள்வி: வணக்கம் டொக்டர். நாங்கள் மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். என் தம்பிக்கு 22 வயது, கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறான். இரண்டரை மாதத்துக்கு முன்பு, சலூனில் வேலை செய்யும் கூட்டாளி ஒருவன் இணையத்தில் வாங்கிய மெஷினால் தம்பியின் இடது முன்கையில் டாட்டூ குத்திவிட்டிருக்கிறான். சிவப்பு ரோஜா, கறுப்புத் தண்டு, கீழே கறுப்பில் ஒரு பெயர். முதலில் நன்றாக ஆறிவிட்டது. ஒன்றரை மாதம் கழித்து ரோஜாவின் இதழ்கள் மட்டும் தடித்து, தாங்க முடியாத அரிப்பு எடுக்கிறது; சொறிந்தால் நீர் வடிகிறது. பெயரும் தண்டும் அப்படியே இருக்கின்றன. பாமசியில் வாங்கிய கிரீமைப் பூசினால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. கருவாடும் கத்தரிக்காயும் சாப்பிடுவதால்தான் இப்படி என்கிறார் அம்மா. அம்மாயிக்குக் கை நிறையப் பச்சை இருந்தும் எதுவும் ஆகவில்லை என்றும் சொல்கிறார். தம்பி லேசர் மூலம் அழிக்கப் போவதாகச் சொல்கிறான். கட்டார் போக ஏஜென்சியில் பதிந்திருப்பதால் மெடிக்கலில் பிரச்சினை வருமோ என்ற பயமும் இருக்கிறது. இன்னொன்றும் கேட்க வேண்டும். எனக்கு அடுத்த மாதம் கல்யாணம். நன்றாகக் கறுப்பாகப் பிடிக்கும் மருதாணி போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பியின் கையை நேரில் பார்க்காமல் எழுதும் பதில் இது என்பதால், இதில் நான் சொல்வது எதுவும் பரிசோதனைக்கு ஈடாகாது. ஆயினும், சிவப்பு இதழ்கள் மட்டும் தடித்திருக்கின்றன, கறுப்பு அப்படியே இருக்கிறது என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பது மிகவும் பயனுள்ளது. பச்சை குத்திய இடத்தில் கிருமி தொற்றினால் அது பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே வலியும் சூடும் சீழுமாகத் தெரியவரும். அது ஒரு நிறத்தை மட்டும் தெரிந்தெடுத்து, அந்த நிறத்தின் எல்லைக்கோட்டோடு நின்றுவிடுவது அரிது. நன்றாக ஆறிய பிறகு, வாரங்கள் கழித்து, ஒரே நிறம் முழுவதும் ஒரே அளவில் மேடிட்டு அரிக்கத் தொடங்குமானால், அந்த நிறமிக்கு உடல் காட்டும் ஒவ்வாமையையே முதலில் சந்தேகிக்க வேண்டும். உலகெங்கும் டாட்டூவால் வரும் ஒவ்வாமைகளில் சிவப்பு நிறத்துக்கே முதலிடம்.

இது எப்படி நிகழ்கிறது என்று தெரிந்தால் மற்றக் கேள்விகளுக்கும் விடை இலகுவாகும். ஊசி, மையைத் தோலின் மேற்படைக்குக் கீழே ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் கொண்டுபோய் வைக்கிறது. மேற்படை சில வாரங்களுக்கொரு முறை உதிர்ந்து புதுப்பிக்கப்படும். உட்படை அப்படி உதிர்வதில்லை. அங்கே அந்நியப் பொருட்களை விழுங்கும் காவல் கலங்கள் மைத்துகள்களை விழுங்குகின்றன, ஆனால் அவற்றைச் செரிக்க முடிவதில்லை. ஒரு கலம் இறந்தால் அது விட்ட மையை அடுத்த கலம் எடுத்துக்கொள்கிறது. பச்சை வாழ்நாள் முழுவதும் அழியாமல் இருப்பதன் காரணம் இதுதான், ஒவ்வாமை வந்தால் அது எளிதில் ஓயாமல் இருப்பதன் காரணமும் இதுதான். சோப்பு ஒத்துக்கொள்ளாவிட்டால் சோப்பை மாற்றலாம். இங்கோ ஒத்துக்கொள்ளாத பொருள் தோலுக்குள்ளேயே குடியிருக்கிறது.

முற்காலத்தில் சிவப்பு நிறத்துக்குப் பாதரசம் கலந்த சாதிலிங்கம் பயன்பட்டது. இப்போதைய சிவப்பு மைகளில் பெரும்பாலானவை அசோ எனப்படும் செயற்கைச் சாயங்கள். சூரிய ஒளியாலும் உடலின் சொந்த வேதிமாற்றங்களாலும் அவை மெல்ல மெல்ல வேறு பொருட்களாகச் சிதைகின்றன, அப்படிப் பிறக்கும் பொருட்களே பல வேளைகளில் ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. ஆகவேதான் அது உடனே வராமல் வாரங்கள், மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் கழித்தும் வருகிறது. முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனை இத்தகையவர்களில் பலருக்கு எதையும் காட்டாமல் போவதற்கும் இதுவே காரணமாகக் கருதப்படுகிறது. எனவே, முன்கூட்டியே சிறிது மையைத் தோலில் தடவிப் பார்த்து, ஒன்றும் ஆகாவிட்டால் பயமில்லை என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

அம்மா சொல்வதற்கு வருகிறேன். அம்மாயிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மையாகவே இருக்கும். தென்னிந்தியாவிலிருந்து நம் மூதாதையரோடு இந்த மலைகளுக்கு வந்த பச்சையின் மை, பெரும்பாலும் விளக்குக் கரிதான். மஞ்சளையும் அகத்தியிலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, சட்டியில் படிந்த கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்துக் குத்தியிருக்கிறார்கள். கரிக்கு உடல் ஒவ்வாமை காட்டுவது குறைவு; தம்பியின் கறுப்பு எழுத்துகள் அமைதியாக இருப்பதும் அதனால்தான். ஆனால் அந்தக் காலத்துப் பச்சை ஆபத்தில்லாதது என்று இதற்குப் பொருளில்லை. ஒரே ஊசியால் பலருக்குக் குத்தியபோது என்னென்ன நோய்கள் பரவின என்பதை அன்று யாரும் கணக்கெடுக்கவில்லை. இந்தியாவின் சத்தீஸ்கர் பகுதியில், தெருவோரத்தில் பச்சை குத்திக்கொண்டவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பச்சை குத்திய இடத்திலேயே தொழுநோய் தோன்றியமை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது.

கருவாட்டுக்கும் கத்தரிக்காய்க்கும் இதில் பங்கில்லை. உணவால் வரும் அரிப்பு உடல் முழுவதும் பரவும், அது ரோஜா இதழின் வடிவத்தில் வராது. அம்மாவின் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உணவைக் குறைத்துக் குறைத்துத் தம்பி மெலிவதால் கைக்கு எந்த நன்மையும் கிடைக்காது என்பதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அந்தக் கிரீம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. டொக்டரின் துண்டு இல்லாமல் வாங்கும் இத்தகைய கிரீம்களில் பெரும்பாலும் வீரியம் மிக்க ஸ்டீரொய்டு ஒன்றும், பங்கசு மருந்து ஒன்றும், நுண்ணுயிர்க்கொல்லி ஒன்றும் சேர்ந்திருக்கும். ஸ்டீரொய்டு அரிப்பை உடனே அடக்குவதால் குணமாவது போலத் தோன்றும். தொடர்ந்து பூசும்போது தோல் மெலிந்து, நரம்புகள் தெரிந்து, கோடு கோடாகத் தழும்பு விழும். தேமல், படர்தாமரை போன்ற பங்கசு நோய்கள் உருமாறிப் பரவும். நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். நான் பரிந்துரைக்கப் போகும் மருந்தும் ஸ்டீரொய்டு வகையைச் சேர்ந்ததாகவே இருக்கக்கூடும் என்பதை மறைக்கவில்லை. எந்த வீரியத்தில், எத்தனை நாள், எந்த இடத்தில் மட்டும் என்பதையும், அதற்கு முன் அங்கே கிருமி இல்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டு பூசுவதில்தான் வேறுபாடு இருக்கிறது.

கிருமி பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் நிறத்தின் எல்லைக்குள் மட்டும் நிற்கும் தொற்றும் ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர் நகரில் பச்சை குத்திக்கொண்ட 19 பேருக்கு, சாம்பல் நிற நிழலிட்ட இடங்களில் சிவந்த பருக்கள் தோன்றின. காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த, தண்ணீரில் வாழும் ஒரு பக்டீரியா, முன்கூட்டியே நீர்க்கக் கலந்து விற்கப்பட்ட சாம்பல் மையில் இருந்ததே காரணம். சாதாரண நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு அது கட்டுப்படாது, மாதக்கணக்கில் பிரத்தியேக மருந்து எடுக்க வேண்டும், ஸ்டீரொய்டு பூசினால் இன்னும் வளரும். கறுப்பு மையைக் குழாய்த் தண்ணீரில் கலந்து சாம்பல் நிறமாக்கும் வழக்கம் இத்தகைய அறைகளில் இருக்கிறது. நம் பக்கத்தில் பீலியில் விழும் தண்ணீர் பளிங்கு போல இருந்தாலும் அதில் இவ்வகைக் கிருமிகள் இருக்க முடியும். புதிதாகக் குத்திய புண்ணை அதில் நனைப்பதும், ஆற்றிலும் ஓடையிலும் குளிப்பதும் ஆறும்வரை கூடாது. கொதித்தாறிய நீரும் மென்மையான சோப்பும் போதும். மை போத்தல் புதிது, முத்திரை உடைக்கப்படவில்லை என்பதும் முழு உத்தரவாதமாகாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், முத்திரையோடு இருந்த 75 டாட்டூ மற்றும் நிரந்தர ஒப்பனை மை மாதிரிகளில் 26இல் பக்டீரியா காணப்பட்டது. புருவத்தை நிரந்தரமாக வரைந்துகொள்ளும் மணப்பெண்களும் இந்தக் கணக்கில் அடங்குவார்கள்.

ஆகவே தம்பி செய்ய வேண்டியது, டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் கையைக் காட்டி, தோல் கிளினிக்குக்குக் கடிதம் பெறுவதுதான். கொழும்பிலேயே இருப்பதானால் அங்குள்ள தேசிய வைத்தியசாலைக்குச் செல்லலாம். சிகிச்சை இலவசம். போகும்போது அந்தக் கிரீம் டியூபையும், குத்திய முதல் நாளிலிருந்து கைபேசியில் எடுத்த படங்களையும், முடிந்தால் மை போத்தலின் படத்தையும் கொண்டுபோகட்டும். யார் குத்தியது என்று எவரும் விசாரிக்க மாட்டார்கள். எந்தச் சூழலில், எந்த ஊசியால், தண்ணீர் கலந்தா என்பவற்றை ஒளிக்காமல் சொன்னால்தான் எங்களால் உதவ முடியும். இளைஞர்கள் பலர் ஏச்சுக்குப் பயந்து முழுக்கைச் சட்டைக்குள் கையை மறைத்து, மாதங்களைக் கடத்திய பிறகே கிளினிக்குக்கு வருகிறார்கள். ஏசுவதற்காக நாங்கள் அங்கே உட்காரவில்லை.

கிளினிக்கில், மரத்துப்போகும் ஊசி போட்டு, தடித்த இடத்திலிருந்து ஒரு சிறு துண்டுத் தோலை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பக்கூடும். இதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒவ்வாமையா, மேலே சொன்ன கிருமியா, அல்லது சார்கொயிடோசிஸ் என்னும், நுரையீரலையும் கண்ணையும் பாதிக்கக்கூடிய நோய் பச்சையில் முதலில் தலைகாட்டுகிறதா என்பதைப் பிரித்தறிய அதுவே சிறந்த வழி. தம்பிக்கு நீங்காத இருமல், மூச்சு வாங்குதல், கண் சிவந்து மங்குதல் ஏதும் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒவ்வாமை என்று உறுதியானால் வீரியமான களிம்பை மூடிக் கட்டுதல், தடித்த இடத்துக்குள்ளேயே மருந்தை ஊசியாகச் செலுத்துதல் என்று தொடங்குவோம். அடங்காவிட்டால் மை உள்ள தோல் படையை அறுவைச் சிகிச்சையால் சீவி எடுக்க வேண்டிவரும், தழும்பு விழும். அரிப்புக்குக் கொடுக்கும் குளிசை இரவில் தூங்க உதவும், தடிப்பைக் கரைக்காது. மை உள்ளே இருக்கும்வரை அடங்கியது மீண்டும் எழக்கூடும் என்பதால், ஒரு மாதத்தில் முடியும் காரியமாக இதை எதிர்பார்க்காதீர்கள். இதற்கிடையில் அந்த இடத்தில் வெயில் படாமல் துணியால் மூடி வைப்பது நல்லது, பலருக்கு வெயிலில் அரிப்புக் கூடும்.

லேசரைப் பற்றித் தம்பியிடம் இன்றே பேசுங்கள். லேசர் ஒளி மையை இல்லாமல் ஆக்குவதில்லை. துகள்களை உடைத்துச் சிறிதாக்குகிறது, உடல் அவற்றைச் சிறிது சிறிதாக அகற்றுகிறது. ஒவ்வாமை உள்ள சிவப்பு மையை அப்படி உடைத்தால், இதுவரை ஓரிடத்தில் அடைபட்டிருந்த பொருள் ஒரேயடியாக உடலெங்கும் போய்ச் சேரும். உடல் முழுவதும் தடிப்பு எழுந்தவர்களும், மூச்சுத்திணறி உயிராபத்தான நிலைக்குச் சென்றவர்களும் உண்டு. எனவே ஒவ்வாமை வந்த பச்சைக்கு, தோல் வைத்திய நிபுணரின் முடிவு இல்லாமல் லேசர் வேண்டவே வேண்டாம். ஒவ்வாமை இல்லாத கறுப்புப் பச்சைக்குக்கூட ஆறு முதல் எட்டு வார இடைவெளியில் பல தடவைகள் தேவைப்படும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இடம் வெளிறியோ கருத்தோ போவதும் சாதாரணம். சுண்ணாம்பு, உப்பு, அசிட் என்று தேய்த்து அழிக்கும் முயற்சிகள் தீக்காயத்தில் முடியும். எந்த நிலையிலும் முகமோ உதடோ வீங்கினால், மூச்சு இழுத்தால், அல்லது குளிர்க்காய்ச்சலோடு கையில் சிவப்புக் கோடு மேல்நோக்கி ஏறினால், கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

கட்டார் பயணம் பற்றி: பச்சையின் ஒவ்வாமை யாருக்கும் தொற்றாது. ஆறாத காயத்தோடு போனால் கேள்வி எழலாம் என்பதால் முதலில் சிகிச்சை பெறுவது நல்லது. வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கலில் பார்க்கப்படும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகியவைதான் உண்மையில் சிந்திக்க வேண்டியவை, ஏனெனில் இவை மூன்றும் இரத்தம் பட்ட ஊசியால் பரவக்கூடியவை. கூட்டாளி ஊசியை மாற்றினாரா, மையை ஊற்றிய மூடி புதியதா, மெஷினின் பிடியை எப்படிச் சுத்தம் செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். ஊசியை மட்டும் மாற்றி, முன்னவருக்குப் பயன்பட்ட மையையே தொட்டிருந்தால் ஊசியை மாற்றியதில் பயனில்லை. ஹெபடைடிஸ் பி வைரசு உலர்ந்த இரத்தத்தில் குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். கொதிநீரில் அமிழ்த்துவதோ ஸ்பிரிட்டால் துடைப்பதோ கிருமி நீக்கமாகாது. அழுத்த நீராவியில் 121 பாகை செல்சியசில் குறைந்தது 15 நிமிடம் வைக்க வேண்டும், அல்லது எல்லாவற்றையும் ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டும்.

பரிசோதனையை ஏஜென்சியின் மெடிக்கல்வரை ஒத்திப்போட வேண்டாம். அரசாங்கப் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசமாகவும் இரகசியமாகவும் செய்யப்படுகிறது. ஹெபடைடிஸ் பரிசோதனைகளுக்கும் அங்கேயே வழி கேட்கலாம். குத்தி இரண்டரை மாதம் ஆகிவிட்டதால் இப்போது செய்யும் பரிசோதனைகள் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடும், ஆயினும் ஹெபடைடிஸ் சி பிந்தி வெளிப்படக்கூடும் என்பதால் ஆறாம் மாதத்தில் ஒருமுறை திரும்பச் செய்வது முறை. ஏதேனும் ஒன்று இருப்பதாகத் தெரிந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடாது. ஹெபடைடிஸ் சி இப்போது சில மாதக் குளிசையால் பூரணமாகக் குணமாகிறது, வயதுவந்தவர்களில் பெரும்பாலோரின் உடல் ஹெபடைடிஸ் பி வைரசைத் தானாகவே வென்றுவிடும், எச்.ஐ.வி.க்கும் தினசரி மருந்தோடு நீண்ட ஆயுள் உண்டு. இலங்கையில் குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2003இல்தான் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது என்பதால், தம்பியின் குழந்தைப் பருவ அட்டையைத் தேடிப் பாருங்கள். போடப்படவில்லையென்றால், பரிசோதனைக்குப் பிறகு மூன்று ஊசிகளாகப் போட்டுக்கொள்ளலாம். குறைந்தது ஒரு வருடம் அவர் இரத்ததானம் செய்யக் கூடாது.

புற்றுநோய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கைபேசியில் யாராவது அனுப்பியிருப்பார்கள். 2024இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வொன்று, பச்சை குத்தியவர்களிடம் நிணநீர்ப் புற்றுநோய் 21 சதவீதம் கூடுதலாக இருப்பதைக் கண்டது. மைதான் காரணம் என்று அது நிறுவவில்லை. மைத்துகள்கள் நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேர்கின்றன என்பது உறுதியாகத் தெரிந்ததே. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மைகளில் 4,000க்கும் அதிகமான இரசாயனங்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் போத்தலில் என்ன இருக்கிறது என்பதை அதன் லேபலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தம்பி இனிமேல் எந்த நிறத்திலும் குத்திக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வீட்டில் வேறு யாருக்காவது ஆசை இருந்தால், தழும்பு மேடிட்டு வளரும் தோலுள்ளவர்கள், வெண்புள்ளியோ சொரியாசிசோ உள்ளவர்கள், சீனி வருத்தம் கட்டுப்படாதவர்கள், வாதக்காய்ச்சலுக்காக மூன்று வாரத்துக்கொரு முறை பென்சிலின் ஊசி போடுபவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் தவிர்த்தே ஆக வேண்டும். மச்சத்தின் மேல் குத்தினால் அதில் பின்னாளில் வரும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

உங்கள் கல்யாணத்துக்கு என் வாழ்த்துகள். மருதாணியிலை அரைத்துப் போடுங்கள், அது செம்மஞ்சளாகத் தொடங்கி ஓரிரு நாளில் சிவந்து கபிலமாகும். ஒரு மணித்தியாலத்துக்குள் கறுப்பாகப் பிடிக்கும் மருதாணியில் பெரும்பாலும் தலைச்சாயத்தில் உள்ள பிபிடி என்னும் இரசாயனம் கலந்திருக்கும். கோயில் திருவிழாக்களிலும் ஏப்ரல் மாத நுவரெலியா சீசனிலும் கடை போட்டு அதைப் பூசிவிடுபவர்கள் அதன் ஆபத்தை அறிந்திருக்க மாட்டார்கள். சில நாட்களில், அதாவது சரியாக உங்கள் கல்யாண நாளையொட்டி, கோலத்தின் வடிவிலேயே கொப்புளங்கள் எழக்கூடும். பின்னர் அந்த இடம் மாதக்கணக்கில் வெளிறியோ கருத்தோ இருக்கும். அதைவிடப் பெரிய இழப்பு, ஒருமுறை உடல் பிபிடியை எதிர்க்கக் கற்றுக்கொண்டால் பின்னாளில் தலைக்குச் சாயம் பூசும்போதும், சிலவகை மரத்துப்போகும் மருந்துகள் பட்டாலும், கடுமையான எதிர்விளைவு வரும். முன்பு எப்போதாவது கறுப்பு மருதாணியோ தலைச்சாயமோ போட்டு அரித்திருந்தால், அதை உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதுவித்து வையுங்கள்.